மெய்யழகன், வாழை, ஒரு மொய் நோட்டு

அழ வைக்கிற படமெல்லாம் நல்ல படமா? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு நானும் என் நண்பனும் ஒரு வருஷத்துக்கு மேலாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். சண்டை என்றால் கைகலப்பு எல்லாம் இல்லை. காலேஜ் விட்டதும் கிருஷ்ணன்கோவில் பஸ் ஸ்டாப்பில் அவன் ராஜபாளையம் பஸ்ஸுக்கும் நான் வத்திராயிருப்பு பஸ்ஸுக்கும் நிற்போம். அந்த நேரம்தான் வாதம். யார் பஸ் முதலில் வருகிறதோ அவன் பாதிப் பேச்சில் ஏறி ஓட வேண்டும், அதனால் அவன் தோற்றதாகக் கணக்கு. வத்திராயிருப்பு பஸ் எப்போதும் லேட். ஆகவே பெரும்பாலும் நானே ஜெயிக்கிறேன் :-)

அவன் பெயரைப் போட்டால் கொன்றுவிடுவான். 'மாப்ள' என்று வைத்துக்கொள்வோம், நான் கூப்பிடுவதும் அப்படித்தான். பிறந்தது எங்கள் மகாராஜபுரத்தில், என் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி. ஆறாம் வகுப்புப் பாதியில் குடும்பத்தோடு ராஜபாளையம் போய்விட்டான். ஏன் போனான் என்பது பின்னால் வரும்.

(மகாராஜபுரம் என்றதும் பாட்டுக்கார மகாராஜபுரம் சந்தானத்தின் ஊரா என்று கேட்கிறவர்களுக்கு: இல்லை. அது சோழநாட்டுப் பக்கம். எங்கள் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்பு தாண்டி, சதுரகிரிக்குத் தாணிப்பாறை போகிற வழியில். ஆடி அமாவாசைக்கு மலையேற வருகிற கூட்டம் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போகும். தாண்டித்தான் போகும், நிற்காது.)

சரி, படத்துக்கு வருவோம். ஒரு எச்சரிக்கை: கதையெல்லாம் சொல்லிவிடுவேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

2024 ஆகஸ்ட் 23 அன்று ஒரே நாளில் இரண்டு படம் வந்தது. மாரி செல்வராஜின் 'வாழை', பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'. அடுத்த மாதம் 27ஆம் தேதி சி. பிரேம்குமாரின் 'மெய்யழகன்'. எங்கள் சண்டைக்கு விதை போட்டது இந்த ஐந்து வாரம்தான்.

மாப்ளைக்கு 'வாழை'. எனக்கு 'மெய்யழகன்'. 'கொட்டுக்காளி' இரண்டு பேருக்குமே பிடித்தது. ஆனால் அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. பின்னணி இசையே இல்லாத படம் அது. பேய் ஓட்ட ஒரு பெண்ணை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு குடும்பமே சாமியாரிடம் போகிறது, அந்தப் பெண் கிட்டத்தட்ட வாயே திறப்பதில்லை. பார்த்துவிட்டு வெளியே வந்தால் நமக்கும் வாய் வராது. சண்டை போட அதில் இடமில்லை.

'வாழை' பற்றி அவன் சொன்னதை முதலில் சொல்லிவிடுகிறேன், பாவம், பஸ்ஸில் ஏறிப் போய்விட்டவன்.

படம் மாரி செல்வராஜின் சொந்தச் சிறுவயதிலிருந்து வந்தது. ஸ்ரீவைகுண்டம் பக்கத்துக் கிராமம், 1990களின் கடைசி. பள்ளிக்கூடம் லீவு விட்டால் பையன்கள் வாழைத்தார் சுமக்கப் போக வேண்டும். சிவனணைந்தான் என்ற பையனுக்குப் போகப் பிடிக்கவில்லை. டீச்சரைப் பிடித்திருக்கிறது, டான்ஸ் ஆடப் பிடித்திருக்கிறது. கூட ஒரு சேக்காளி. ஒருவன் ரஜினி கட்சி, மற்றவன் கமல் கட்சி. பெரியவர்கள் தாருக்கு ஒரு ரூபாய் கூடக் கேட்கிறார்கள். முதலாளி கொடுத்துவிட்டு, அந்தக் காசைச் சரிக்கட்ட ஆட்களுக்குத் தனி வண்டி விடாமல் தார் ஏற்றிய லாரி மேலேயே ஏற்றி அனுப்புகிறார். லாரி கவிழ்கிறது. அன்றைக்கு வேலைக்குப் போகாமல் ஸ்கூலுக்கு ஓடிய சிவனணைந்தான் பசியோடு வீட்டுக்கு வருகிறான். வீட்டில் அக்காவின் பிணம். அவன் அடுப்படிக்குப் போய்ச் சோற்றை அள்ளித் தின்கிறான்.

"இதுல எந்த இடத்துல டைரக்டர் நம்மள அழச் சொன்னாரு? அவன் சாப்பிடத்தான செய்றான். பசிச்சா சாப்பிடத்தான் செய்வான். அந்தச் சோத்தப் பாத்துட்டு நம்மளால சாப்பிட முடியலயில்ல, அதுதான் படம்" என்றான் மாப்ள.

நான் சும்மா இருந்திருக்கலாம். "அதுக்கு முன்னாடி சந்தோஷ் நாராயணன் அரைமணி நேரமா நம்மள அழத் தயார் பண்ணிட்டாரே" என்றேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்க வீட்டுல யாராச்சும் விடிகாலம் வேன் ஏறிப் போயிருக்காங்களாடா?" என்று கேட்டான்.

இந்தக் கேள்விக்கு இடம் உண்டு. விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காக: எங்கள் பக்கத்துக் கிராமங்களில் காலை ஐந்தரை ஆறு மணிக்குத் தெருமுக்கில் வேன் வந்து நிற்கும். மில்லுக்குப் போகிற வேன், வெடி ஆபீஸுக்குப் போகிற வேன். (பட்டாசுத் தொழிற்சாலை என்று பேப்பர்தான் எழுதும். இங்கே வெடி ஆபீஸ்.) தூக்குச்சட்டியோடு அக்காமார், மதினிமார் ஏறிப் போவார்கள். பெரும்பாலான நாள் சாயங்காலம் அதே வேனில் திரும்பி வந்துவிடுவார்கள். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியிலும் 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்திலும் பலர் திரும்பி வரவில்லை. நடுவில் சின்னச் சின்னதாக எத்தனையோ. ஒவ்வொரு தடவை வெடிச்சத்தம் கேட்டது என்று வாட்ஸ்அப்பில் செய்தி வரும்போதும், 'எந்த ஊர் வேன்' என்பதுதான் முதல் கேள்வி. மாப்ளையின் அம்மா ராஜபாளையத்தில் மில் வேலைக்குப் போகிறவர். வெடி ஆபத்து இல்லை, ஆனால் வேன் வேன்தான். அவர் வர அரைமணி லேட்டானால் இவன் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கும் தெருவுக்கும் நடப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே 'வாழை'யை அவன் படமாகப் பார்க்கவில்லை. எனக்கும் அது புரிகிறது. படம் வந்த சமயத்தில் கோவில்பட்டிப் பக்கத்து எழுத்தாளர் சோ. தர்மன் ('சூல்' நாவலுக்கு 2019இல் சாகித்ய அகாடமி வாங்கியவர்) தன்னுடைய 'வாழையடி' சிறுகதையில் இதே உலகம் ஏற்கெனவே வந்துவிட்டது என்று சொன்னார். அதை ஒட்டிப் பெரிய பஞ்சாயத்து. மாப்ள ஒரே வரியில் முடித்தான்: "ரெண்டு பேரும் ஒரே லாரியப் பாத்திருக்காங்க, அவ்வளவுதான்." இந்த விஷயத்தில் இதைவிடத் தெளிவாக யாரும் பேசி நான் கேட்கவில்லை.

இப்போது என் கட்சி. 'மெய்யழகன்'.

1996இல் சொத்துத் தகராறில் தஞ்சாவூர்ப் பூர்வீக வீட்டை விட்டு அருள்மொழியின் குடும்பம் மெட்ராஸ் போகிறது. இருபது வருஷத்துக்கு மேல் ஊர்ப்பக்கம் திரும்பிப் பார்க்காத அருள் (அரவிந்த்சாமி), தங்கச்சி முறைப் பெண்ணின் கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். மண்டபத்தில் ஒருவன் "அத்தான்" என்று ஓடிவந்து ஒட்டிக்கொள்கிறான் (கார்த்தி). யார் என்றே அருளுக்கு ஞாபகம் இல்லை. கேட்கவும் வெட்கம். ஒரு ராத்திரி முழுக்க அவனோடு பேசுகிறார், சாப்பிடுகிறார், அவன் வீட்டிலேயே தங்குகிறார், பெயர் மட்டும் வரவில்லை. விட்டுப்போன பழைய சைக்கிள் ஒன்று அந்தக் குடும்பத்தையே தூக்கி நிறுத்திய கதை தெரிந்ததும், நேருக்கு நேர் நிற்க முடியாமல் விடிவதற்கு முன்னால் சொல்லாமல் கிளம்பிப் போகிறார். படம் முடியும்போதுதான் பெயர் வருகிறது.

அவ்வளவுதான் கதை. வில்லன் இல்லை, சண்டை இல்லை. தியேட்டருக்கு வந்தபோது கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் இருந்தது. நீளம் என்று ஆளாளுக்குச் சொன்னதால் சில நாளிலேயே சுமார் 18 நிமிஷத்தை வெட்டினார்கள். எனக்கு அந்த 18 நிமிஷத்தில் கொஞ்சமும் வருத்தமில்லை. ராத்திரியில் கார்த்தி வரலாறு, வீரம் என்று ஆரம்பிக்கும்போது எனக்கே கொட்டாவி வந்தது. பாசத்தைப் பற்றிப் பேசுகிற படம் வீரத்தைப் பற்றியும் பேசியே ஆக வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்களோ.

ஆனால் கல்யாண மேடையில் தங்கச்சிக்கு அருள் கொலுசு போட்டுவிடுகிற இடம்! நான் அழுதேன். எங்கள் அம்மா அழுதது. (அம்மாவைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. 2005இல் வந்த 'தவமாய் தவமிருந்து' எந்தச் சேனலில் எத்தனையாவது தடவை போட்டாலும் உட்கார்ந்து அழும். அதிலும் ராஜ்கிரண்தான், இதிலும் ராஜ்கிரண். "இந்த மனுசன் வந்தாலே தொண்டைய அடைக்குது" என்று விமர்சனம் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டது.) பக்கத்து வீட்டுப் பெரியப்பா மட்டும் கடைசி வரைக்கும் அசையாமல் பார்த்துவிட்டு, "அந்தப் பயலுக்கு எத்தன ஏக்கர் இருக்கும்?" என்று கேட்டார்.

மாப்ள என்ன சொன்னான் தெரியுமா?

"அந்த வீட்ட வாங்கிக்கிட்டவங்க எங்கடா?"

எனக்குப் புரியவில்லை. அவன் விளக்கினான். சொந்தக்காரர்கள்தான் அவர்களை வீட்டை விட்டுக் கிளப்பினார்கள். படம் ஆரம்பத்தில் அதைக் காட்டிவிட்டு அப்புறம் அவர்கள் பக்கம் அதிகம் திரும்பிப் பார்ப்பதில்லை. ஊரைப் பார்த்தால் மழை பெய்கிறது, யானை வருகிறது, சோறு போடுகிறார்கள், எல்லோரும் தங்கமாக இருக்கிறார்கள். "அப்ப வீடு எப்படிப் போச்சு? தானாவா போச்சு? ஏமாத்துனவன் ஒருத்தன் அந்த மண்டபத்துல பந்தியில உக்காந்திருப்பான்ல. அவனப் பாத்து அருள் என்ன பேசுவாரு? அந்த சீன் எங்க? அத எடுக்காம, பேரு மறந்து போச்சுன்னு வெக்கப்படுறதுக்கு மூணு மணி நேரமா? வீடு போனவன்தான் வெக்கப்படணுமா?"

அன்றைக்கு அவன் பஸ் வந்தது. அவன் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸுக்கும் ஏறவில்லை.

அவன் ஊரை விட்டுப் போன கதையை இங்கேதான் சொல்ல வேண்டும். சுருக்கமாகச் சொல்கிறேன், முழுசாகச் சொல்வது அவன் உரிமை. தாத்தா செத்து ஒரு வருஷத்தில் பாகப்பிரிவினை. அவன் அப்பாவும் சித்தப்பாவும். வீட்டுப் பத்திரம் ஏதோ ஒரு கடனுக்காகச் சித்தப்பா பெயருக்கு முன்னாலேயே மாறியிருந்திருக்கிறது. தோப்பில் பாதி தருகிறேன் என்று பேச்சு, கடைசியில் கால்வாசி, அதுவும் ரொக்கமாக. ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். இவன் அப்பா ஒருநாள் சாமான்களை ஒரு டாட்டா ஏஸில் ஏற்றிவிட்டார். அந்த வண்டி எங்கள் தெரு வழியாகத்தான் போனது. மேலே கட்டிலுக்கும் கிரைண்டருக்கும் நடுவில் இவன் உட்கார்ந்திருந்தான். நான் கையாட்டினேன். அவனும் ஆட்டினான். லாரி, வேன், டாட்டா ஏஸ் என்று எங்கள் நட்பில் வண்டிகள் அதிகம்தான்.

அதனால்தான் நான் 'மெய்யழகன்' பக்கம் நிற்கிறேனோ என்று யோசித்ததுண்டு. நான் ஊரிலேயே இருக்கிறவன். கையாட்டிவிட்டு அங்கேயே நின்றவன். கார்த்தி மாதிரி "அத்தான்" என்று ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கிற வேஷம் நமக்குக் கிடைத்தால் யாருக்குத்தான் பிடிக்காது? அவனுக்கு வாய்த்தது அருள் வேஷம். அதை அவன் கேட்டு வாங்கவில்லை.

இதற்குப் பின்னால் 2025இல் வந்த படங்களிலும் நாங்கள் இரண்டு கட்சிதான்.

மே 1 அன்று 'டூரிஸ்ட் ஃபேமிலி'. புது டைரக்டர் அபிஷன் ஜீவிந்த். இலங்கையில் பொருளாதாரம் சரிந்து வாழ முடியாமல் சசிகுமார், சிம்ரன் குடும்பம் கள்ளத்தோணியில் ராமேஸ்வரம் வந்து, சென்னையில் ஒரு காலனியில் யாரென்று சொல்லாமல் குடியேறுகிறார்கள். சண்டையும் சள்ளையுமாக இருந்த தெரு இவர்களால் ஒன்றாகிறது. கடைசியில் போலீஸ் வந்தால் தெருவே கூடிக் காப்பாற்றுகிறது. நான் சிரித்தேன், அழுதேன், டிக்கெட் காசு முழுசாகத் திரும்பி வந்தது.

மாப்ளையும் சிரித்தான். சிரித்துவிட்டுத்தான் ஆரம்பித்தான். நிஜத்தில் 2022 மார்ச்சிலிருந்து தனுஷ்கோடிப் பக்கம் அப்படித் தோணியில் வந்து இறங்கினார்கள், அவர்களைக் கொண்டுபோய் வைத்தது மண்டபம் முகாமில். நம் மாவட்டத்திலேயே குல்லூர்சந்தையில் முகாம் இருக்கிறது. 1980களில், 90களில் வந்தவர்களும் அவர்கள் இங்கேயே பெற்ற பிள்ளைகளும் முகாம் விலாசத்திலேயே காலம் தள்ளுகிறார்கள். 2021இல் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை எடுத்துவிட்டு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று அரசு மாற்றியது. பெயர் மாறியது நல்லதுதான். "படத்துல அந்தக் குடும்பத்துக்குத் தெருவு கெடச்சுது. இவங்களுக்கு?" என்றான்.

"மாப்ள, ஒரு படம் முகாமுக்கெல்லாம் குடியுரிமை வாங்கிக் குடுக்குமாடா? பக்கத்து வீட்டுக்காரன் பேரக் கேளுன்னு சொல்லுது. அதச் சொல்றதுக்கு ஒரு படம் வேணும்ல" என்றேன். இதில் நான் ஜெயித்தேன் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன், ஏனென்றால் அவன் பதில் சொல்லாமல் டீயைக் குடித்தான். அவன் டீ ஆறியிருந்தது என்பது வேறு விஷயம்.

ஜூலை 4 அன்று மறுபடியும் ஒரே நாளில் இரண்டு. ராமின் 'பறந்து போ', ஸ்ரீ கணேஷின் '3 பிஎச்கே'. 'பறந்து போ' அப்பனும் மகனும் பைக்கில் சுற்றுகிற படம். ஜாலியாகப் போனது, அதைப் பற்றிச் சண்டை வரவில்லை. '3 பிஎச்கே'தான் சிக்கல். சரத்குமார், தேவயானி, சித்தார்த், மீதா ரகுநாத். ஒரு குடும்பம் வருஷக்கணக்கில் சொந்த வீடு வாங்கக் காசு சேர்க்கிறது. சேரும்போதெல்லாம் ஏதாவது ஒன்று வந்து அதைத் தின்றுவிடுகிறது: படிப்பு, உடம்பு, கல்யாணம். பையனுக்குப் பிடிக்காத இன்ஜினியரிங் வேறு. (எங்கள் வகுப்பில் பாதிப்பேர் இந்த இடத்தில் தலையைக் குனிந்துகொண்டார்கள்.)

இதை மாப்ள வீட்டில் எல்லோருமாக டிவியில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் இருப்பது லைன் வீடு. ஒரு ஹால், ஒரு அடுப்படி, தண்ணீருக்குப் பொதுக் குழாய். பாதிப் படத்தில் அவன் அப்பா எழுந்து வெளியே போய்த் திண்ணையில் படுத்துக்கொண்டாராம். அம்மா "என்னங்க, கடைசியில வாங்கிருவாங்களாம், வந்து பாருங்க" என்று கூப்பிட்டதாம். "நீ பாத்துச் சொல்லு" என்று திரும்பிப் படுத்துவிட்டாராம்.

இதைச் சொல்லிவிட்டு, "படம் எப்படிடா?" என்று நான் கேட்டதற்கு, "நல்ல படம்தான்" என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவன் ஒரு படத்தைத் திட்டாமல் விட்டது அது ஒன்றுதான்.

அந்தச் சமயத்தில்தான் பத்திரிகை வந்தது. சினிமாப் பத்திரிகை இல்லை, கல்யாணப் பத்திரிகை. சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். வத்திராயிருப்பில் மண்டபம். யாரோ ஒரு பொதுவான உறவினர் மூலமாக ராஜபாளையத்துக்குக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். நேரில் வந்து வைக்கவில்லை. ஆனால் பெயர் போட்டிருந்தார்கள். உற்றார் உறவினர் பட்டியலில் இவன் அப்பா பெயர் முதல் ஆளாக இருந்தது. பெரியப்பா என்ற முறைக்கு அங்கேதான் வர வேண்டும்.

நீங்கள் நினைப்பதைத்தான் நானும் நினைத்தேன். வீடு போனது, ஊரை விட்டுப் போனது, வருஷங்கள் கழித்துத் தங்கச்சி கல்யாணம்... "டே, அப்படியே மெய்யழகன்டா!" என்று கத்தியேவிட்டேன்.

அவன் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

"அருளுக்கு மெட்ராஸ்ல வேல இருந்துச்சு, சம்பளம் இருந்துச்சு. அவரு கொலுசு வாங்கிட்டுப் போனாரு. நான் என்ன கொண்டுபோறது?" என்றான். அப்பா ஒரே முடிவாகச் சொல்லிவிட்டாராம்: "நான் வரல. அம்மாவும் வரவேண்டாம். நீ போய் மொய்ய எழுதிட்டு வந்துரு. நம்ம பக்கம் செய்முறை நிக்கக் கூடாது." செய்முறை என்பது எங்கள் பக்கம் எவ்வளவு பெரிய விஷயம் என்று தென்மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். பேச்சுவார்த்தை நின்றாலும் நிற்கும், செய்முறை நிற்காது. பழைய மொய் நோட்டை எடுத்து, அவர்கள் நமக்கு எவ்வளவு எழுதினார்கள் என்று பார்த்து, அதற்கு மேல் கொஞ்சம் கூட்டி எழுதுவார்கள். தாமிரபரணிப் பக்கம் எப்படியோ, வைப்பாற்றுப் பக்கம் பாசத்துக்குக் கணக்கு உண்டு.

இரண்டு நாள் போகலாமா வேண்டாமா என்று அவனுக்கு அவனே வாதாடினான். நான் வாயைத் திறக்கவில்லை. அவன் சொல்வதில் நியாயம் இருந்தது. ஏமாற்றப்பட்டவன் போய்ச் சிரித்துக்கொண்டு நின்றால் ஏமாற்றியது சரி என்று ஆகிவிடாதா? போகாமல் இருந்தால், ஒன்றும் அறியாத அந்தத் தங்கச்சி என்ன செய்தாள்? அவள் அப்போது மூன்றாவதோ நாலாவதோ படித்தாள். டாட்டா ஏஸ் பின்னால் தெருமுனை வரைக்கும் ஓடிவந்தது அவள்தான். இதை நான் பார்த்தேன். அவனுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று தெரியாது, நான் சொல்லவும் இல்லை.

கடைசியில் போனான். முகூர்த்தத்துக்கு இல்லை, முதல் நாள் சாயங்கால ரிசப்ஷனுக்கு. நான் வத்திராயிருப்பு பஸ் ஸ்டாண்டிலிருந்து என் அப்பாவின் டிவிஎஸ் எக்செல்லில் கூட்டிப் போனேன். அவன் புதுச் சட்டை போடவில்லை, காலேஜுக்குப் போடுகிற அதே நீலச் சட்டை. வேண்டுமென்றேதான்.

மண்டபத்தில் யாரும் "அத்தான்" என்று ஓடிவந்து ஒட்டிக்கொள்ளவில்லை. வாசலில் பன்னீர் தெளிக்கிற பெண்ணுக்கு இவன் யாரென்று தெரியாது. சித்தப்பா தூரத்திலிருந்து பார்த்தார். வந்தார். "வாப்பா. அப்பா வரலையா?" என்றார். "வேலை" என்றான். "சாப்பிட்டுட்டுப் போகணும்" என்றார். அவரைத் தேடிக்கொண்டு யாரோ வந்தார்கள், போய்விட்டார். மொத்தமே அரை நிமிஷம். மாப்ள 'மெய்யழக'னில் இல்லை என்று கேட்ட சீன் இதுதான். பிரேம்குமார் அதை எடுக்காமல் விட்டதில் ஆச்சரியமில்லை. அதில் எடுப்பதற்கு ஒன்றும் இல்லை.

மேடையில் கூட்டம். போட்டோ எடுக்க வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்ததும் அந்தப் பெண் இவனைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்தது என்று முகத்தில் தெரிந்தது. "அண்ணே" என்றாள். இவன் "நல்லாருக்கியா" என்றான். போட்டோகிராபர் "அண்ணே இங்க பாருங்க" என்றார். பார்த்தோம். இறங்கிவிட்டோம்.

பிறகு மொய். வாசல் பக்கம் மேஜை போட்டு இரண்டு பேர். காசு வாங்கி எண்ணுகிறவர் ஒருவர், எழுதுகிறவர் ஒருவர். எழுதுகிறவர் வயசானவர், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்திருந்தார். மாப்ள காசைக் கொடுத்துவிட்டு அப்பா பெயரைச் சொன்னான். எழுதுகிறவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"ஊரு?"

மொய் நோட்டில் முதலில் ஊர், அப்புறம் பெயர், அப்புறம் தொகை. ஊர் போடாமல் எழுத முடியாது. இவன் நின்றான். பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள். "ராஜபாளையம்" என்றான்.

பெரியவர் பேனாவை வைக்கவில்லை. கண்ணாடிக்கு மேலாக இவன் முகத்தைப் பார்த்தார். அப்பா பெயரைத் திருப்பி ஒருமுறை வாய்க்குள் சொன்னார். "இன்னார் பேரன்ல நீ?" என்று தாத்தா பெயரைச் சொல்லிக் கேட்டார். இவன் தலையாட்டினான். அவர் குனிந்து 'மகாராஜபுரம்' என்று எழுதி, பக்கத்தில் அப்பா பெயரை எழுதி, தொகையைப் போட்டார். ராஜபாளையம் என்று எங்கேயும் எழுதவில்லை. "அடுத்து" என்றார்.

பந்தியில் உட்கார்ந்தோம். சாம்பார், ரசம், பால் பாயசம். அவன் நன்றாகத்தான் சாப்பிட்டான். இரண்டாம் தடவை சோறு வாங்கினான். நான் பேசவில்லை.

திரும்பி வரும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்தபடியே அவன்தான் ஆரம்பித்தான். "நீ என்ன நெனைக்கிறன்னு தெரியும். அந்தப் பெரியவரு பாசத்துல எழுதுனாருன்னு நெனைக்கிற."

"ஆமா" என்றேன்.

"இல்லடா. பழைய நோட்டுல எங்கப்பா பேரு மகாராஜபுரத்துக்குக் கீழதான் இருக்கும். நாளைக்கு அவங்க திருப்பிச் செய்யணும்னா நோட்டப் புரட்டுறப்போ அந்த ஊர்லதான் தேடுவாங்க. இடம் மாத்தி எழுதுனா கணக்கு தப்பிரும். அவரு கணக்கப் பாத்தாரு, அவ்வளவுதான்."

"கணக்குதான்னா உன் மூஞ்சிய எதுக்கு அவ்வளவு நேரம் பாத்தாரு?"

"கண்ணு தெரியலயா இருக்கும்."

பஸ் ஸ்டாண்டில் அவனுடைய பஸ் நின்றுகொண்டிருந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நான் வெளியே நின்று, "மாப்ள, இப்பவாச்சும் ஒத்துக்க, மெய்யழகன்ல கொஞ்சம் உண்மை இருக்கு" என்றேன்.

"கார்த்திக்குப் பதிலா அந்த மொய் எழுதுற ஆளப் போட்டு எடுத்திருந்தா ஒத்துக்கலாம்" என்றான். "அப்பவும் வாழைதான் பெரிய படம்."

பஸ் கிளம்பியது. எங்கள் கணக்குப்படி நான் ஜெயித்திருக்க வேண்டும். ஆனால் அவன் ஜன்னலைத் திறந்து, "அந்தப் புள்ள அன்னிக்கு ஓடி வந்தது எனக்கும் ஞாபகம் இருக்குடா" என்று கத்திவிட்டுப் போனான்.